ரப்பர் பட்டைக்கும் ஒரு பொட்டு

எம் பொண்ணை எந்த மேடையில ஏத்துனாலும் ஒரே கேள்விதான். சமூகத் தொழில்முனைவோரா ஆகணும்னு உங்களைத் தூண்டுனது எதுன்னு கேப்பாங்க. பூங்கொத்து குடுப்பாங்க, தண்ணி பாட்டில் வெப்பாங்க, அப்புறம் இதைக் கேப்பாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். தூண்டுறதுக்கு அவ என்ன வெளக்குத் திரியா? கீழ உக்காந்திருக்கற எனக்கு அதுக்குப் பதில் தெரியும். எங்க வீட்டுக்காரருக்கும் தெரியும். அந்த நேரத்துல நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்க மாட்டோம்.

இன்னொண்ணையும் முதல்லயே சொல்லிடறேன். எம் பொண்ணு அவங்கப்பாவை அப்பான்னு கூப்புட்டு ஒரு வருசத்துக்கு மேல ஆகுது. வீட்டுல சண்டை சச்சரவு ஒண்ணும் கெடையாது. "அவரு சாப்புட்டாரா?", "அவருக்கு மாத்திரை குடுத்தியா?" எல்லாம் ஒழுங்கா கேப்பா. எங்கிட்ட கேப்பா. அவரு ரெண்டடி தள்ளி டிவி பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அப்பாங்கற சொல்லு மட்டும் வீட்டை விட்டுப் போயிடுச்சு. அது திரும்பி வருமான்னுதான் அந்த மனுசன் காத்துக் கெடக்கறாரு. நானுந்தான்.

எனக்குச் சொந்த ஊரு உத்தனப்பள்ளி. தக்காளியும் முள்ளங்கியும் போடற குடும்பம். அவரு சிவகங்கைப் பக்கம். மழை பெய்யும் பெய்யும்னு பாத்துச் சலிச்சுப் போயி, ஒரே ஒரு பையோட ஓசூர் பஸ் ஏறுனவரு. நான் அப்ப மூக்கண்டப்பள்ளியில ஒரு கம்பெனியில பேக்கிங்ல இருந்தேன். அவரு எதுத்தாப்புல இருந்த பிரஸ் ஷாப்ல. டீக்கடையில பாத்துப் பழகுனது கல்யாணத்துல முடிஞ்சுது. வீட்டு ஓனரம்மா கன்னடத்துல வாடகை கேப்பாங்க, பக்கத்து வீட்டக்கா தெலுங்குல ஊர்க்கதை பேசுவாங்க, நாங்களும் எல்லாத்தையும் கலந்து கட்டி அடிப்போம். இவரு மட்டும் இத்தனை வருசமாகியும் வந்தாக, போனாகன்னுதான் பேசுவாரு. பொண்ணு பொறந்த அன்னிக்கே ஆத்தான்னு கூப்புட ஆரம்பிச்சாரு. அவ பேரு அவரு வாயில வந்து நான் கேட்டதே இல்ல.

பிரஸ் மிசின் எப்பிடின்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கீழ தகடு வெப்பாங்க, மேலருந்து இரும்பு டை எறங்கி ஒரே அமுக்கு. தகடு வேணுங்கற வடிவத்துல வந்துடும். கை உள்ள இருக்கறப்ப டை எறங்கிடக் கூடாதுன்னுதான் ரெண்டு பக்கமும் ஒரு ஒரு பட்டன் வெச்சிருப்பாங்க. ரெண்டு கையாலயும் ரெண்டையும் அமுக்குனாத்தான் மிசின் ஓடும். ஆனா அப்பிடி ஓட்டுனா டார்கெட் முடியாது. அதுக்கு எங்க ஆளுங்க கண்டுபுடிச்ச வழி, சைக்கிள் டியூப்பைப் பட்டையாக் கிழிச்சு ஒரு பட்டனை அமுக்குனபடியே கட்டிப் போடறது. அப்ப ஒரு கை பட்டன்ல, ஒரு கை தகட்டுல. வேலை பறக்கும். இன்சென்டிவ் வரும். எல்லா ஷாப்லயும் கட்டுவாங்க, சூப்பர்வைசர் வேற பக்கம் பாத்துக்குவாரு, மொதலாளிக்குத் தெரிஞ்சாலும் தெரியாது.

எங்க வீட்டுக்காரருக்கு வலது கையில நாலு வெரலு போனது அப்பிடித்தான். கட்டை வெரலு ஒண்ணு மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியில யாரு வந்து என்ன கேட்டாலும், "நாந்தேன் கட்டுனேன்"னு ஒரே பேச்சுதான். எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். கட்டச் சொன்னது யாருய்யா, அந்த டார்கெட்டைப் போட்டது யாருன்னு நான் கத்துனதெல்லாம் செவுத்துல மோதிக்கிட்டதுதான் மிச்சம். கம்பெனி அவரை அதே கேட்டுல வாட்ச்மேனா வெச்சுக்கிச்சு. அன்னியிலருந்து அவரு வலது கையை பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளிய எடுத்ததில்ல. கல்யாணங்காச்சின்னாக்கூட எடது கையாலதான் கும்புடு போடுவாரு. மரியாதை தெரியாத ஆளுன்னு எங்க சொந்தத்துல பேரு வாங்குனாரு. வாங்கட்டுமே, அவருக்கு அது பரவால்லயாம்.

வீட்டு ஆளுங்களைக் கம்பெனிக்குள்ள விடறது வருசத்துல ஒரே நாளுதான், ஆயுத பூஜை. வாசல்ல வாழை மரம் கட்டி, சீரியல் செட்டு போட்டு, மிசினையெல்லாம் கழுவித் தொடைச்சு மாலை போட்டிருப்பாங்க. புள்ளைங்களுக்குப் பொரி கடலை, ஸ்வீட் பாக்ஸ். கை போன அடுத்த வருசம் நாங்களும் போனோம். பொண்ணு அப்ப ஏழாங்கிளாஸ். இவரு வெரலைத் தின்ன மிசினுக்கு இவரேதான் சந்தனம் தடவி, எடது கையால குங்குமம் வெச்சாரு. அந்த மிசின்ல அப்ப வேற ஒருத்தரு வேலை பாத்துக்கிட்டிருந்தாரு. பட்டன்ல ரப்பர் பட்டை கட்டியபடியே இருந்துச்சு. அதையும் கழுவியிருந்தாங்க. இவரு அதுக்கும் ஒரு பொட்டு வெச்சாரு.

பொண்ணு கேட்டா, "அதுக்கு எதுக்குப்பா பொட்டு?"

"அதுவும் தொழில் சாமான்தானத்தா"ன்னாரு.

அவ கையில இருந்த பொரியைச் சாப்புடவே இல்ல. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் உம்முன்னு வந்தா. நான் வயித்து வலியாக்கும்னு ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்தேன்.

அப்புறம் அவ எலக்ட்ரிகல் எடுத்து இஞ்சினியரிங் சேந்தா. காலேஜ்ல தொழில்முனைவோர் மன்றம்னு ஒண்ணு. அதுலதான் இந்த சமூகத் தொழில்முனைவுங்கற வார்த்தையைப் புடிச்சுக்கிட்டு வந்தா. தொழில்னா லாபம், தருமம்னா அன்னதானம், ரெண்டையும் ஒரே பானையில போட்டு என்னடி பொங்கப் போறேன்னு கேட்டேன். லாபம் வரணும்மா, இல்லன்னா நாளைக்கு மூடிடுவோம், ஆனா லாபத்துக்காக மட்டும் ஆரம்பிக்கலன்னு என்னமோ சொன்னா. அந்த மன்றத்துப் புள்ளைங்க சில பேரு வீட்டுக்கு வருவாங்க. காபி போட்டுக் குடுத்துக்கிட்டே நானும் ஒட்டுக் கேப்பேன். பாதிப் பேரு சர்டிபிகேட்டுக்காக வந்தவங்க, அதை மூஞ்சியே சொல்லிடும். அஞ்செட்டிக்கு அந்தால ஒரு மலையூர்ப் பொண்ணு மட்டும் அப்பிடியில்ல. ஊருக்கு வர்ற பஸ்ஸை விட்டா அன்னிக்குப் பொழுது அவ்வளவுதான். அவ அக்காவுக்கு அந்த பஸ்ஸாலயே படிப்பு நின்னு போச்சு. அதனால புள்ளைங்களுக்காக ஜீப் ஓட்டற ஒரு ஏற்பாடு பண்ணணும்னு அலைஞ்சா. அக்காவைப் பத்திப் பேசறப்ப மட்டும் அவளுக்குக் குரல் எறங்கிடும். இந்த மாதிரிப் புள்ளைங்களை எந்தப் பாடமும் இதுக்கு இழுத்துட்டு வரலன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. வீட்டுல நடந்த ஒண்ணைத் தாங்க முடியாமத்தான் வர்றாங்க.

எம் பொண்ணு ஒரு பெட்டி செஞ்சா. பழைய பிரஸ் மிசின்ல அதை மாட்டிட்டா, பட்டனைக் கட்டிப் போட்டா மிசின் ஓடாது. ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையையும் எடுத்து, மறுபடி ரெண்டையும் ஒண்ணா அமுக்கணும். புது மிசின்லயெல்லாம் இது இருக்காம். சின்ன ஷாப்ல ஓடற பழசுலதான் இல்ல. அடிபட்டு வீட்டுல கெடக்கறவங்களுக்கு இந்தப் பெட்டி மாட்டற வேலையைக் கத்துக் குடுத்து, அவங்களை வெச்சே ஷாப் ஷாப்பாப் போகணுங்கறது அவ திட்டம். பெங்களூருல கெடைச்ச வேலையை வேணாம்னு எழுதிப் போட்டுட்டா. நான் ரெண்டு நாளு அடுப்பு பத்த வெக்கல. அவரு ஓட்டல்ல இட்லி வாங்கியாந்து அவளுக்கும் குடுத்து எனக்கும் குடுத்தாரு. நீங்க குடுக்கற எடந்தான் இவளை இப்பிடி ஆட வெக்குதுன்னு அவரையும் சேத்துத் திட்டுனேன். சிரிச்சாரு மனுசன். பொண்ணு தனக்காகத்தான் இதையெல்லாம் செய்யறான்னு அவருக்குத் தெரியும். வெளிய சொல்லிக்க மாட்டாரு, ஆனா அந்த மாசமெல்லாம் அவரு நடையே வேற.

ஷிப்டு முடிஞ்சு வந்ததும் அவ கூடவே தரையில உக்காந்துக்குவாரு. ஸ்க்ரூ எடுத்துக் குடுப்பாரு, ஒயரைப் புடிச்சுக்குவாரு. எது எங்க போகுது, எதை எதுல சேத்தா என்ன ஆகும்னு கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டாரு. எங்கப்பாதான் என் கம்பெனிக்கு மொத ஸ்டாஃப்னு பொண்ணு பெருமையடிப்பா. வெளிய எடுக்காத அந்தக் கையை அவ முன்னால மட்டும் எடுத்தாரு. கட்டை வெரலால ஒயரை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, ம்ம், நீ முறுக்குத்தாம்பாரு. எங்க வீடு சந்தோசமா இருந்ததுன்னு சொன்னா அந்த நாளுங்கதான்.

மொத பெட்டியை அவரு கம்பெனியிலயே மாட்டுனாங்க. மொதலாளியை ஒத்துக்க வெச்சதும் இவருதான். பேப்பர்காரங்க வந்து படம் புடிச்சாங்க. ஆனா வேலை பாக்கறவங்களுக்கு அது எமனா வந்து உக்காந்துச்சு. வேகம் கொறைஞ்சு போச்சு, டார்கெட் அதேதான். மாசக் கடைசியில எல்லாருக்கும் இன்சென்டிவ் போச்சு. ஷிப்டு விட்டு வர்றவங்க கேட்டுல நிக்கற இவருகிட்டத்தான் வந்து கொட்டுவாங்க. உம் பொண்ணு எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாளேன்னு ஆரம்பிச்சு, போகப் போக என் காதால கேக்கக் கூடாத வார்த்தைங்க வரைக்கும் போச்சாம். இதெல்லாம் எனக்கு அப்புறமாத்தான் தெரியும். அவரு வீட்டுல ஒரு வார்த்தை மூச்சு விடல. சோறு மட்டும் கொறைஞ்சுது. வெயிலுக்கு எறங்கலன்னாரு.

ஒரு நாளு காலையில போன் வந்துச்சு. அந்தப் பெட்டி மாட்டுன மிசின்லயே ஒடிசாப் பையன் ஒருத்தனுக்குக் கையில அடி. ஊரை விட்டு வந்து ஒரு வருசங்கூட ஆகல அவனுக்கு. தமிழும் இந்தியும் கன்னடமும் கலந்து பேசுவான். கேட்டுல இவரைப் பாத்தா அங்கிள்னு நின்னு சிரிச்சுட்டுத்தான் உள்ள போவான். எம் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு ஓடுனா. மூணு வெரலைக் காப்பாத்த முடியலன்னு டாக்டர் சொன்னாரு. அங்கருந்து நேரா கம்பெனிக்குப் போயி பெட்டியைத் தொறந்து பாத்தா. உள்ள ரெண்டு ஒயரை ஒண்ணா முறுக்கி விட்டிருந்துச்சு. டைரக்ட் பண்றதுன்னு சொல்லுவாங்க இங்க. பெட்டி மேல லைட்டு எரியும், உள்ள வேலை செய்யாது. சூப்பர்வைசர் சட்டையைப் புடிச்சுட்டாளாம். அவ்வளவு பேரு நடுவுல, நீதானே பண்ணே, நீதானேன்னு.

அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்தா. நானும் சேந்து அந்த சூப்பர்வைசரை, அவன் வம்சத்தையே இழுத்து வெச்சுத் திட்டிக்கிட்டிருந்தேன். அவரு ஷிப்டு முடிஞ்சு வந்தாரு. செருப்பைக்கூட கழட்டல. வாசல்படியிலயே நின்னாரு.

"அவரு இல்லத்தா. நாந்தேன் ஒயரைச் சேத்து விடச் சொல்லிக் குடுத்தேன். மாசக் கடைசி வரைக்குந்தேன்னு சொன்னாய்ங்க."

 பொண்ணு கண்ணைத் தொடைச்சுக்கிட்டு எந்திரிச்சா. அப்புறம் கேட்டா. குரல்ல கோவமே இல்ல.

"ஒங்க கையே ஒங்களுக்கு ஞாபகம் வரலியாப்பா?"

அதுதான் கடைசி அப்பா. அதுக்கப்புறம் அந்தச் சொல்லு எங்க வீட்டுல இல்ல.

அவரு பதில் சொன்னாரு. "ஒன்னைய வைஞ்சாய்ங்கத்தா. நெதமும் வைஞ்சாய்ங்க. என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியல."

இதைக் கேட்டா யாரு மேல கோவப்படறது, சொல்லுங்க. தன்னைக் கேவலமாப் பேசுனா அந்த மனுசன் ஒரு ஆயுசுக்கும் தாங்கிக்குவாரு, தாங்கிக்கவும் செஞ்சாரு. பொண்ணைப் பேசுனது தாங்கல. பொண்ணு மேல இருக்கற பாசத்துல பொண்ணு செஞ்சதையே கெடுத்து, அதுல இன்னொரு தாய் பெத்த புள்ளையோட கை போச்சு. பாவி மனுசன்னு திட்டவும் வாய் வரல, பரவால்ல விடுங்கன்னு சொல்லவும் வாய் வரல. இன்னிக்கு வரைக்கும் நான் ரெண்டையும் சொல்லல.

அந்தப் பையன் ஆஸ்பத்திரியில இருந்த வரைக்கும் இவருதான் சாப்பாடு கொண்டு போனாரு. அவன் ஊருக்குப் போற அன்னிக்கு ஓசூர் ஸ்டேசன்ல வழியனுப்பப் போனோம். இவரு அவன்கிட்ட நடந்ததை அப்பிடியே சொன்னாரு, நான் பக்கத்துலதான் நின்னேன். அவன் முழுசும் கேட்டுக்கிட்டான். தலையாட்டுனான். எவ்வளவு புரிஞ்சுதோ, புரிஞ்சும் போனாப் போகுதுன்னு விட்டானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ரயில் ஏறறதுக்கு முன்னால குனிஞ்சு இவரு காலைத் தொட்டான், கட்டுப் போட்ட கையால. இவரு ஸ்டேசன் பெஞ்சுல உக்காந்தவரு அடுத்த ரயில் வந்து போற வரைக்கும் எந்திரிக்கல. அந்த வருசம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில கூப்புட்டாங்க. போகல.

பொண்ணு எல்லாத்தையும் மூட்டை கட்டி வெச்சுட்டு பெங்களூர் போயிடுவான்னு நெனைச்சேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், போயிட்டா நல்லதுன்னுகூட நெனைச்சேன். கொஞ்ச நாளு பெட்டிங்க கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. அப்புறம் ஒரு நாளு எல்லாத்தையும் வெளிய எடுத்தா. உள்ள யாரும் கை வெக்க முடியாதபடி பசை ஊத்தி இறுக மூடற மாதிரி புதுசாச் செஞ்சா. அதை விட முக்கியம், டார்கெட்டைக் கொறைக்க ஒத்துக்கற மொதலாளிக்கு மட்டுந்தான் பெட்டின்னு சொல்லிட்டா. பாதிப் பேரு அதோட போங்கம்மான்னு அனுப்பிடறாங்க. மீதிப் பேருல ரெண்டொருத்தரு யோசிக்கறாங்க. அப்பிடி அப்பிடித்தான் ஓடுது. வேலை பாக்கறவங்களை உக்கார வெச்சு மொதல்ல அவங்க கொறையைக் கேக்கறா. முன்னெல்லாம் இதைச் செய்ய மாட்டா, எனக்குத் தெரியும்னு நேரா மிசின்கிட்டப் போயிடுவா.

எனக்குத் தோணுறதைச் சொல்றேன். மொதல்ல அவ எறங்குனது வெரலு போன அப்பாவுக்காக. அந்த எரக்கத்தை வெச்சுக்கிட்டு ஒரு பெட்டிதான் செய்ய முடிஞ்சுது. அந்த ரப்பர் பட்டையைக் கட்டறவன் முட்டாளும் இல்ல, கெட்டவனும் இல்ல, வீட்டுல இருக்கற யாரையோ நெனைச்சுத்தான் கட்டறான்னு அவளுக்குப் புரிய வெச்சது ஒயரைச் சேக்கச் சொல்லிக் குடுத்த அப்பாதான். அவ இன்னிக்கும் விடாம நிக்கறது அந்த அப்பாவாலதான். அவரை மன்னிச்சுட்டாளான்னா அது வேற சேதி.

போன மாசம் கிருஷ்ணகிரியில ஒரு காலேஜ்ல விழா. எங்களையும் கூப்புட்டிருந்தாங்க, முன் வரிசையில உக்கார வெச்சாங்க. இவரு சலவைச் சட்டை போட்டு, கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. கேள்வி வந்துச்சு. தூண்டுனது எது? வழக்கமா அவ ஆயுத பூஜை, ரப்பர் பட்டைன்னு அந்தக் கதையைச் சொல்லி முடிச்சுடுவா. அன்னிக்கு மைக்கை வாங்குனவ அந்தக் கதைக்கே போகல.

"எங்கப்பா"ன்னா.

அதோட நிறுத்திட்டா.  அங்க இருந்த புள்ளைங்களுக்கு நாலு வெரலு போன கதை ஏற்கெனவே தெரியும், போஸ்டர்லயே போட்டிருந்தாங்க. ஹாலே அதிர்ற மாதிரி கை தட்டுனாங்க. இவரு அசையவே இல்ல. அவங்க எதுக்குத் தட்டறாங்கன்னும், அவ எதைச் சொன்னான்னும் தெரிஞ்சது எங்க ரெண்டு பேருக்குந்தான். நானும் தட்டல.

திரும்பி வர்றப்ப பஸ்ல கூட்டம். பொண்ணுக்கு முன்னால எடம் கெடைச்சுது, எங்களுக்குப் பின்னால. சூளகிரி தாண்டுச்சு. அப்புறம் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே, "ஏ புள்ளே, நீயும் கேட்டீல்ல?"ன்னாரு.

கேட்டேன்னேன்.

"மைக்குலயாச்சும் சொல்லிட்டா."

 என் முந்தானையை இழுத்து மொகத்தைத் தொடைச்சுக்கிட்டாரு. ஓசூர் பஸ் ஸ்டாண்டுல வண்டி நின்னுச்சு. பொண்ணு கூட்டத்தை வெலக்கிக்கிட்டு எங்ககிட்ட வந்து, என் கையில இருந்த பையை வாங்கிக்கிட்டா.  அவரு சீட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னு அவ மூஞ்சியையே பாக்கறாரு, சின்னப் புள்ளை மாதிரி.

"அம்மா, படி ஒசரமா இருக்கு. அவரை மெதுவா எறங்கச் சொல்லு"ன்னா.

சொன்னேன்.